தன் இருதயத்தைத் தானே தொட்ட வைத்தியர்

1904ஆம் ஆண்டில் பெர்லின் நகரிற் பிறந்த வேர்னர் போர்ஸ்மன், முதலாம் மகாயுத்தத்தில் தந்தையை இழந்தவர். 1929இல் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் வைத்தியசாலையிற் பயிற்சி பெறுகையில் அவருள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. கை நாளத்தினூடே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தினால், நெஞ்சைப் பிளவாமலே இருதயத்தை எட்டலாகாதா? உயிருள்ள இருதயத்தைத் தீண்டுதல் மரணத்தை அழைப்பதாகும் என்று அக்கால வைத்திய உலகம் அஞ்சியது. தலைமை வைத்தியர் அனுமதி மறுத்தார்.

போர்ஸ்மன் அடங்கினாரில்லை. கருவிகள் கெர்டா டிட்சன் என்னும் தாதியின் பொறுப்பில் இருந்தன. பரிசோதனைக்குத் தன்னுடலையே தர அம்மாது முன்வந்தார். அவரை மேசையிற் கிடத்திக் கட்டிவிட்டு, போர்ஸ்மன் தமது இடக்கையையே கீறிக் குழாயைச் செலுத்தினார். பின்னர்க் கட்டவிழ்த்த தாதியுடன் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். கண்ணாடியில் நிழலைப் பார்த்தபடி 65 சென்ரிமீற்றர் வரை தள்ளினார். நுனி வலது சோணையறையை அடைந்தது. இருதயமோ வழமைபோல் துடித்தது. தாதியை ஏமாற்றிய செயலை நான் மெச்சேன். ஆயினும் அபாயத்தைத் தாமே ஏற்றார் என்பதை மறுத்தற்கில்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்தெடுத்தே மூப்படைந்த என் பெரியம்மாவுக்கு இப்பரிசோதனை வேண்டுமெனப் பதுளையில் வைத்தியர் கூறியபோது, நெஞ்சைப் பிளப்பார்களென்று அஞ்சி அவர் நாலு மாதம் நாட்கடத்தினார். ஏற்றத்தில் நடுவழி நின்று மூச்சுவாங்கும் அவரிடம் போர்ஸ்மனின் கதையைத்தான் சொன்னேன். இன்று குழாய் மணிக்கட்டு அல்லது தொடை நாடிவழி செல்கிறது. குத்துமிடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவர். நோயாளி விழித்தே இருப்பார். நாடியின் உட்புறம் குழாய் ஊர்வதை உணராது. சாயம் முடியுரு நாடிகளிற் பாய்கையில் அடைப்பு எங்கே, எவ்வளவு என்பது எக்ஸ்ரேப் படத்தில் தெரியும். அக்கணம் சிலருக்கு உடலில் வெம்மை பரவும். குத்திய இடத்தில் இரத்தங் கசிதல் போன்ற சிறு இடர்கள் உண்டு, பேரிடர் அரிது. இது நோயைக் காணும் முறையேயன்றித் தீர்க்கும் சிகிச்சையன்று என்பதையும் விளக்கினேன். அந்த மனிதருக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதே பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி.

புகழ் வரவில்லை. பெர்லின் ஷாரிட்டே வைத்தியசாலையில் இடம் நிலைக்காமல், சிறுநீரகத் துறைக்கு ஒதுங்கினார். 1932இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தது அவர் வாழ்வின் கறை; அதை மறைத்து எழுதுதல் தகாது. இரண்டாம் மகாயுத்தத்திற் படை வைத்தியராயிருந்து கைதியாகி மீண்டவர், சிலகாலம் மரம் வெட்டியும் பிழைத்தார். இதற்கிடையே நியூயோர்க்கிற் கூர்நாண்ட், ரிச்சர்ட்ஸ் என்போர் அவர் வழியை வளர்த்திருந்தனர். 1956ஆம் ஆண்டு நோபல் பரிசு மூவருக்கும் பகிரப்பட்டது. 1979இல் போர்ஸ்மன் இருதய நோயாலேயே காலமானார்.

மறுவாரம் பெரியம்மா சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். கதையின் இந்த முடிவை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.