காலின் மெக்கன்சி: குடிப்பெயர் வரலாறும் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்திய வம்சாவளிகளையும் கைபீதுகளையும் பெருமளவில் திரட்டியவர் காலின் மெக்கன்சி. அவரது வாழ்வையும் ஸ்காத்லாந்துக் குடிப்பெயரின் தோற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அக்குடியின் தோற்றக் கதையைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபுக் கதையுடன் ஒப்பிட்டு, வம்சாவளிகளை வாசிக்க வேண்டிய முறையை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: மெக்கன்சி, வம்சாவளி, குடிப்பெயர், தொண்டைமான், புதுக்கோட்டை

வாழ்வும் பணியும்

ஸ்காத்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில் 1754ஆம் ஆண்டளவில் மெக்கன்சி பிறந்தார். தந்தை மர்டோக் வணிகர். அஞ்சல் பணியும் பார்த்தவர். சுங்கத்துறையில் பணியாற்றிய மெக்கன்சி, 1783இல் கம்பெனியின் படைப்பணி ஏற்றுச் சென்னை வந்தார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நில அளவைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1815இல் இந்தியாவின் தலைமை நில அளவையர் ஆனார். 1821 மே 8ஆம் நாள் மறைந்தார்.

அவர் திரட்டியவற்றுள் 8,076 கல்வெட்டுப் படிகளும் 6,218 நாணயங்களும் அடங்கும். ஊர்தோறும் சென்று ஏடுகளைப் பெற்றவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர்தம் உடன்பிறந்தார் இலட்சுமய்யா, இராமசாமி முதலியோர். 1803இல் போரய்யா மறைந்தபின் இலட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார். இத்தொகுப்பைக் கம்பெனி விலைக்குப் பெற்றது. 1828இல் வில்சன் அதற்கு அட்டவணை வெளியிட்டார். அதன் கணிசமான பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது.

குடிப்பெயரின் தோற்றம்

மெக்கன்சி என்பது கேலிக் மொழியில் கொய்னியாக் என்பவனின் மகன் எனப் பொருள்படும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தந்தை பெயரோடு புலவரைச் சுட்டும் சங்க மரபை இது ஒத்தது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சங்க மரபில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும்; ஸ்காத்லாந்தில் அது நிலைத்துக் குடிப்பெயராயிற்று.

இப்பெயரின் இன்றைய ஒலியும் எழுத்து மாற்றத்தின் விளைவே. யகரம் போன்ற ஒலியைக் குறித்த யோக் எனும் பழைய எழுத்து அச்சுக்கூடங்களில் இல்லாமையால், வடிவில் அதனை ஒத்த இசட் எழுத்து அவ்விடத்தைப் பெற்றது. பின்னர் எழுத்தை நோக்கி ஒலியும் மாறியது. ஏட்டுச்சுவடியில் புள்ளி இன்மையால் பாடம் வேறுபடுவதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இரு தோற்றக் கதைகள்

மெக்கன்சிக் குடியின் தலைவர்களான சீஃபோர்த் மரபினர், அயர்லாந்து உயர்குடியைச் சேர்ந்த காலின் ஃபிட்ஜெரால்டு என்பவரைத் தம் முதல்வராகக் கூறினர். மூன்றாம் அலெக்சாண்டர் மன்னரைச் சீறிய கலைமானிடமிருந்து அவர் காத்தார் என்பது கதை. 1786இல் பெஞ்சமின் வெஸ்ட் இக்காட்சியை அக்குடித் தலைவருக்காக ஓவியமாகத் தீட்டினார். பிற்கால ஆய்வு இத்தோற்றத்தை மறுத்து, அக்குடி கேலிக் வழியினதே என நிறுவியது.

தொண்டைமான் மரபும் தம் முன்னோர் தொண்டைமண்டலத்திலிருந்து வந்தனர் என்கிறது. முன்னோர் ஒருவர் யானையைப் பிடித்தளித்து விசயநகர வேந்தரிடம் இராயர் பட்டம் பெற்றார் என்பது அம்மரபின் கதை. வெளியிலிருந்து வரும் வீரன், விலங்கை வெல்லும் செயல், வேந்தன் அளிக்கும் சிறப்பு ஆகிய மூன்றும் இரு கதைகளிலும் ஒத்துள்ளன. ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது எனக் கொள்ள இடமில்லை. நில உரிமையையும் தலைமையையும் நிறுவ வேண்டிய ஒத்த தேவையே ஒத்த கதையைத் தந்தது எனலாம்.

அத்தேவை மெக்கன்சி காலத்தில் மிகுந்திருந்தது. 1799இல் கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லையில் பிடிபட்டுக் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்; பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் அழிந்தது. கம்பெனிக்குத் துணைநின்ற தொண்டைமான் அரசு 1948 வரை நீடித்தது. பாளையங்களின் உரிமையைக் கம்பெனி முடிவுசெய்த காலத்தில், அதன் அலுவலரிடம் தரப்பட்ட வம்சாவளியை உரிமை மனுவாகவும் கருத வேண்டியுள்ளது.

முடிவுரை

குடித்தலைவன் பெயரை அவன் நிலத்து மக்களும் ஏற்றதால், மெக்கன்சி எனும் பெயர் மட்டும் குருதி உறவுக்குச் சான்றாகாது. இவ்வரையறை தொண்டைமான் முதலிய பட்டப்பெயர்களுக்கும் பொருந்தும். எனவே வம்சாவளியை முழு உண்மையாகக் கொள்வதும் வெறுங்கதையாகத் தள்ளுவதும் பிழையாகும். அது யாரிடம், எவ்வுரிமை வேண்டி, எக்காலத்தில் சொல்லப்பட்டது என்பதைக் கல்வெட்டுகளோடும் பிற ஆவணங்களோடும் வைத்து ஆராய்தல் வேண்டும்.