தண்டனைக்கு அளவுகோல் கண்ட பெக்காரியா

குற்றம் புரிந்தாரைத் தண்டிக்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது? அவ்வுரிமைக்கு எல்லை உண்டா? ஐரோப்பியச் சிந்தனையாளர் பலர் இவ்வினாக்களைத் தொட்டுச் சென்றதுண்டு. எனினும், சிறு நூல் ஒன்றில் அவற்றை முறைப்படத் தொகுத்து, மன்னரும் நீதிபதிகளும் விடையளித்தே தீரவேண்டிய நிலையை உருவாக்கியவர் மிலான் நகரத்துச் செசாரே பெக்காரியா ஆவார். அந்நூல் 1764-இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை 26.

பிறப்பும் இளமையும்

பெக்காரியா 1738 மார்ச் 15 அன்று மிலானில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் மரபினரின் ஆட்சியில் இருந்தது. பார்மா நகரில் இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் பயின்றபோது கணிதத்தில் சிறந்து விளங்கினார். 1758-இல் பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். கூச்ச இயல்பும் எளிதில் சோர்ந்துவிடும் மனமும் இளமையிலேயே அவரிடம் காணப்பட்டன.

படைத்துறை அதிகாரி ஒருவரின் மகளான தெரேசா பிளாஸ்கோவை அவர் காதலித்தார். குலப்பெருமையும் செல்வமும் கருதிய தந்தை அதனை ஏற்கவில்லை. அரசின் ஆணையைப் பெற்று மகனை வீட்டுக்காவலில் வைத்தார். குற்றம் ஏதும் செய்யாத ஒருவனின் உரிமையைப் பறிக்க ஒரு தந்தையின் விருப்பமும் அரசின் ஓர் ஆணையுமே போதுமாக இருந்தன. தண்டனையைப் பற்றிப் பின்னர் எழுதியவர், அடைபட்டிருத்தல் இன்னதென்பதைத் தம் பட்டறிவாலும் உணர்ந்தவர் என்பது கருதத்தக்கது. காவல் நீங்கியதும் 1761-இல் அவர் தெரேசாவை மணந்தார். வறுமை வாட்டியது. மறு ஆண்டில் நண்பர் பியேத்ரோ வெர்ரியின் முயற்சியால் தந்தையோடு இணக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே மகள் ஜூலியா பிறந்தாள்.

நூல் பிறந்த சூழல்

பியேத்ரோ வெர்ரியும் அவர்தம் இளவல் அலெசாந்த்ரோவும் மிலானில் இளைஞர் குழு ஒன்றை அமைத்திருந்தனர். காரசாரமான வாதங்களுக்குப் பெயர்பெற்ற அக்குழு 'கைமுட்டிக் கழகம்' என்று வேடிக்கையாக அழைக்கப்பட்டது. அலெசாந்த்ரோ சிறைப்பட்டோரின் நலங்காக்கும் அலுவலராகப் பணியாற்றியவர். சிறைக்கொட்டடிகளின் அவலத்தை நேரிற் கண்டவர். குற்றவியல் நடைமுறையில் பட்டறிவு மிகுதியும் இல்லாத பெக்காரியாவை இப்பொருள் பற்றி எழுதத் தூண்டியவர் பியேத்ரோ. நாள்தோறும் நண்பர்களோடு விவாதித்தும், எழுதியவற்றை நிறுத்தியும் தொடர்ந்தும் பெக்காரியா நூலை முடித்தார்.

அக்கால நீதிமுறை கொடியது. மறைமுகப் புகார்களின் பேரில் விசாரணை நடந்தது. வாக்குமூலம் பெறச் சித்திரவதை சட்டப்படியே பயன்பட்டது. பிரான்சின் தூலூஸ் நகரில், பெற்ற மகனையே கொன்றதாகப் பழிசுமத்தப்பட்ட ழான் கலாஸ் என்ற வணிகர் 1762-இல் சக்கரத்தில் கட்டி எலும்பு நொறுக்கிக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பது 1765-இல் ஏற்கப்பட்டது.

'குற்றங்களும் தண்டனைகளும்' எனும் பொருள்படும் நூல் லிவோர்னோ நகரில் ஆசிரியர் பெயரின்றி அச்சாயிற்று. மனித குலத்திற்காக வாதாட விரும்பினாலும் அதற்காகப் பலியாகத் தமக்கு விருப்பமில்லை என்பதைப் பெக்காரியா பின்னர் ஒரு மடலில் ஒப்புக்கொண்டார்.

நூலின் சாரம்

மக்கள் அச்சமின்றி வாழும் பொருட்டுத் தம் சுதந்திரத்தில் மிகச் சிறு பகுதியை மட்டுமே பொதுவில் ஒப்படைத்துள்ளனர். அப்பகுதிகளின் தொகையே தண்டிக்கும் உரிமை. அதற்கு மேற்பட்டது அத்துமீறல். இதுவே நூலின் அடித்தளம். தண்டனையைச் சட்டமே வரையறுக்க வேண்டும். நீதிபதியின் மனநிலைக்கேற்ப அது மாறலாகாது. தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமலும் தாமதமின்றியும் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும். சித்திரவதையில் உடல் வலிமை உள்ள குற்றவாளி தப்புகிறான். வலிமை குன்றிய நிரபராதி தண்டனை பெறுகிறான். தன் உயிரைப் பறிக்கும் உரிமையை எவனும் பிறருக்கு அளித்திருக்க முடியாது. ஆதலின் மரணதண்டனைக்கு அடிப்படையே இல்லை.

இவ்வாதத்தில் குறையும் உண்டு. நாட்டின் உரிமைக்கே பேராபத்து நேரும் வேளைகளுக்கு அவர் விலக்களித்தார். தூக்குமரத்திற்கு மாற்றாக அவர் முன்வைத்ததோ வாழ்நாள் முழுதும் நீளும் கடும் அடிமை உழைப்பு. அது காண்போரைச் சாவினும் மிகுதியாக அச்சுறுத்தும் என்பதே அவர் கருத்து. செருமானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1797-இல் பெக்காரியாவின் கொள்கையை வேறொரு நோக்கில் மறுத்து, கொலைக்கு மரணமே ஈடென வாதிட்டார்.

புகழும் தனிமையும்

நூலை எதிர்த்து 1765-இல் ஃபாக்கினேய் என்ற துறவி கடுமையாக எழுதினார். வெர்ரி உடன்பிறப்புகளே அதற்கு விடையளித்தனர். 1766-இல் திருச்சபை நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் மொரெல்லே என்பாரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பரவியது. வோல்டேர் விளக்கவுரை எழுதினார். பாரிசு அறிஞர்கள் பெக்காரியாவை அழைத்துப் பாராட்டினர். அவரோ மனைவியைப் பிரிந்திருக்க இயலாமல், கூச்சமும் ஏக்கமும் வாட்ட, சில வாரங்களிலேயே ஊர் திரும்பினார். இதன்பின் வெர்ரிகளின் நட்பு முறிந்தது. உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரின் விடுத்த அழைப்பையும் அவர் ஏற்கவில்லை. ஆயினும் 1767-இல் பேரரசி வெளியிட்ட சட்ட அறிவுரையில் அவர்தம் கருத்துகள் பெரிதும் இடம்பெற்றன.

1768-இல் மிலானில் பொருளியல் பேராசிரியராகவும், 1771 முதல் அரசு அலுவலராகவும் பெக்காரியா அமர்ந்தார். நாணயம், தானியம், அளவைகள் ஆகியவை குறித்த அறிக்கைகளில் எஞ்சிய வாழ்நாள் கழிந்தது. 1774-இல் தெரேசா மறைந்தார். சில மாதங்களுக்குள் அவர் மறுமணம் செய்துகொண்டார். மகள் ஜூலியா கன்னியர் மடத்தில் விடப்பட்டு, ஆண்டுகள் பல அங்கேயே வளர்ந்தாள். தந்தையால் அடைக்கப்பட்ட மகன், தாமே தந்தையானபோது மகளின் தனிமையை உணராது போனார். 1782-இல் தன்னினும் மிக மூத்த ஒருவருக்கு அவள் மணமுடிக்கப்பட்டாள்.

1786-இல் தஸ்கனி நாடு மரணதண்டனையை ஒழித்தது. 1792-இல் லொம்பார்தியின் குற்றவியல் சீர்திருத்தக் குழுவில் இடம்பெற்ற பெக்காரியா, இளமையில் எழுதிய கருத்தையே மீண்டும் வலியுறுத்தினார். 1794 நவம்பர் 28 அன்று மிலானில் காலமானார்.

எஞ்சி நிற்பது

ஆங்கில அறிஞர் பெந்தாம் பெக்காரியாவைத் தம் முன்னோடியாகப் போற்றினார். பெந்தாமின் சிந்தனை வழியில் மெக்காலே 1837-இல் வரைந்த முன்வடிவே 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. 2024 வரை அது நடைமுறையில் இருந்தது. ஆயினும் அச்சட்டம் தூக்குத்தண்டனையை விடவில்லை. அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டமும் விடவில்லை.

ஜூலியாவின் மகனே இத்தாலியப் புதின ஆசிரியர் அலெசாந்த்ரோ மன்சோனி. 1630-இல் மிலானில் கொள்ளைநோயைப் பரப்பியதாகச் சித்திரவதைக்குள்ளாகிப் பொய்வாக்குமூலம் தந்து மடிந்தோரின் வரலாற்றை அவர் எழுதினார். பாட்டனார் காரண காரியத்தால் நிறுவியதைப் பேரன் மனிதர்களின் கதையாக்கினார்.

பெக்காரியா வீரர் அல்லர். குறையற்ற தந்தையும் அல்லர். எனினும் அவர் நூலின் உயிர்க்கருத்துக்கு அவர் வாழ்வே சான்றாகின்றது. நல்லோரும் அஞ்சுவர், மறப்பர், தம்மவர்க்கே தீங்கிழைப்பர். ஆதலின், ஒருவனின் சுதந்திரம் இன்னொருவனின் நற்குணத்தை நம்பியிருத்தல் கூடாது. எழுதப்பட்ட, எல்லையுள்ள, யாவர்க்கும் பொதுவான சட்டத்தை நம்பியே இருத்தல் வேண்டும்.