தொட்டிலைக் காத்த மருத்துவர்

நோய் வந்தபின் மருந்து தேடுவது உலக வழக்கம். நோய் அணுகுமுன்பே தொட்டிலருகே சென்று குழந்தையைக் காக்க இயலும் என்று மெய்ப்பித்தவர், சாரா ஜோசபின் பேக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர்.

இவர் 1873ஆம் ஆண்டு, ஹட்சன் ஆற்றங்கரையில் அமைந்த பூகீப்சி நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இவருக்குப் பதினாறு வயதானபோது, தந்தை டைபாய்டு காய்ச்சலுக்கு இரையானார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தம்முடையது என உணர்ந்த பேக்கர், உறவினர் தடுத்தும் கேளாது மருத்துவம் பயின்று, 1898இல் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் தனியே மருத்துவம் பார்த்த முதலாண்டில் கிடைத்த வருவாய் 185 டாலர் மட்டுமே. எனவே, நகரச் சுகாதாரத் துறையில் ஆய்வாளர் பணியையும் ஏற்றார்.

அப்பணி இவரை ஏழைகளின் இருண்ட குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்றது. காற்றோட்டமற்ற அறைகளில் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. கோடை தொடங்கியதும் பால் விரைவில் கெட்டது. அதை அருந்திய குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தனர். மருத்துவர் வந்து சேர்வதற்குள் பல குழந்தைகளின் நிலை கைமீறிப் போயிருந்தது. நோயுற்ற குழந்தையைப் பிழைக்க வைப்பதைவிட, நலமுள்ள குழந்தையை நலத்துடன் வைத்திருப்பதே எளிது என்று பேக்கர் தெளிந்தார்.

1908ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வெண்ணம் செயலாயிற்று. விடுமுறையால் பணியின்றி இருந்த பள்ளிச் செவிலியர் முப்பதின்மரை, இத்தாலியிலிருந்து குடியேறியோர் மிகுந்து வாழ்ந்த பகுதிக்கு அனுப்பினார். பிறப்புப் பதிவைக் கண்டு, பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்கு அவர்கள் உடனே சென்றனர். தாய்ப்பாலே ஊட்டுக, நாள்தோறும் நீராட்டுக, வெயில் நாளில் கனத்த துணிகளால் சுற்றாதிருங்கள், சாளரத்தைத் திறந்து வையுங்கள் என்று பொறுமையுடன் கற்பித்தனர். அவ்வறிவுரைகளுள் விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை. எனினும், அப்பகுதியில் முந்தைய கோடையைவிட ஏறத்தாழ 1200 குழந்தைகள் குறைவாகவே இறந்தனர்.

அவ்வாண்டே குழந்தை நலப் பிரிவு தொடங்கப்பட்டு, பேக்கர் அதன் தலைவரானார். பெண்ணின்கீழ்ப் பணியாற்ற விரும்பாத ஆண் மருத்துவர் அறுவர் விலக முனைந்தனர். ஒரு மாதம் மட்டும் உடனிருந்து பார்க்குமாறு வேண்டினார் பேக்கர். அம்மாதம் கடந்தபின் அவர்கள் விலகவில்லை.

தாயர் வேலைக்குச் செல்ல, கைக்குழந்தைகளைத் தமக்கையரே வளர்த்து வந்ததை பேக்கர் கண்டார். அச்சிறுமியர்க்குக் குழந்தை வளர்ப்பைக் கற்பிக்கச் 'சிறு தாயர் சங்கங்கள்' அமைத்தார். அவர்கள் கற்றதைத் தம் அன்னையர்க்கும் எடுத்துரைத்தனர். தூய பால் வழங்கும் நிலையங்களும் எழுந்தன. பிறந்த குழந்தைகளின் கண்களில் இடும் மருந்து, புட்டியில் கெடாதவாறு ஒருவேளை அளவாகத் தேன்மெழுகுக் குப்பிகளில் அடைக்கப்பட்டது. இதனால் பல பிஞ்சுக் கண்கள் பார்வையிழப்பிலிருந்து தப்பின.

எதிர்ப்பும் எழாமலில்லை. குழந்தைகள் நலமுடன் இருப்பதால் தம் தொழில் குன்றுகிறதென்று மருத்துவர் சிலர் அப்பிரிவை மூடுமாறு நகரத் தலைவரிடம் முறையிட்டனர். தம் திட்டம் பயனளிப்பதற்கு அதுவே சான்று எனப் பேக்கர் கருதினார். விரிவுரையாற்ற அழைத்த நியூயார்க் பல்கலைக்கழகம் பெண்களை மாணவராகச் சேர்ப்பதில்லை என்றறிந்து, தம்மையும் மாணவியாக ஏற்றாலன்றிக் கற்பிக்க இசையேன் என மறுத்தார். பல்கலைக்கழகம் இறுதியில் இணங்கியது. 1917இல் இவர் பொதுச் சுகாதாரத்தில் முனைவரானார்.

1923இல் பேக்கர் ஓய்வு பெற்றபோது, நியூயார்க்கில் குழந்தை இறப்பு பெரிதும் குறைந்திருந்தது. பிற மாநிலங்களிலும் இத்தகைய பிரிவுகள் தோன்றியிருந்தன. 1945இல் அவர் மறைந்தார். தம் உயிர் காக்கப்பட்டதை அறியாமலே வளர்ந்து பெரியவர்களான குழந்தைகள் பல்லாயிரவர். தாய்ப்பால், தூய நீர், நல்ல காற்று ஆகிய எளிய காவல்களை ஒவ்வொரு வீட்டின் வாயிலுக்கும் கொண்டு சேர்த்ததே அவர் ஆற்றிய அரும்பணியாகும்.