ஜோடி இல்லாத கதாநாயகி

பண்டிகை வந்தா ஏதாவது ஒரு சேனல்ல 'திருவிளையாடல்' ஓடும். கோவிச்சுக்கிட்டு மலையேறின முருகனைப் பாட்டுப் பாடியே சமாதானம் பண்ணும் ஔவையாரை நம்ம எல்லாருக்கும் தெரியும். அவர்தான் கே.பி.சுந்தராம்பாள். ஆனா 25 வயசுல அவர் எடுத்த ஒரு முடிவு நம்மில் பலருக்குத் தெரியாது.

1908-ல், காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். வீட்டில் கடும் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய அந்தச் சிறுமியை, அவரோட குரலே ஒரு நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் பாட்டு கேட்கணும். இவர் பாடினா கேட்டது.

இலங்கையில் நாடகம் நடிக்கப் போன இடத்தில், பெரிய நட்சத்திரமான செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இந்த ஜோடியைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. ஆனா வீட்டில் நிம்மதி இல்லை. பிறந்த குழந்தை இறந்துபோனது. கிட்டப்பா குடிக்க ஆரம்பித்தார். இருவரும் பிரிந்தார்கள். 1933 டிசம்பரில், 27 வயதில் கிட்டப்பா இறந்தார்.

சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். காதல் காட்சியை நம்பியே நாடகம் ஓடிய காலத்தில், ஒரு நடிகைக்கு இது வேலையை விடுறதுக்குச் சமம்.

சினிமாவில் நடிக்கச் சொல்லி அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் விடாமல் கேட்டார். ஆளை அனுப்பிவிடலாம்னு நினைத்து, ஒரு லட்ச ரூபாய் வேணும் என்றார் சுந்தராம்பாள். அவர் சம்மதித்துவிட்டார்! 1935-ல் 'நந்தனார்' வந்தது. அதில் சுந்தராம்பாள்தான் நந்தனார், அதாவது ஆண் வேடம். சபதமும் உடையல.

அதுக்கப்புறம் வந்த முக்கியமான வேடங்களைப் பாருங்க. 1940-ல் துறவி மணிமேகலை, 1953-ல் ஔவையார், 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். எதிலயும் ஜோடி கிடையாது. ஆனாலும் படத்தில் அவர் பெயரைப் பார்த்துத்தான் கூட்டம் வந்தது.

சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், பிறகு சட்ட மேலவை உறுப்பினரானார். 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 'துணைவன்' படத்துக்காகக் கிடைத்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

அடுத்த பண்டிகைக்கு அந்த ஔவையார் காட்சி வந்தா சேனல் மாத்தாதீங்க. ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. மைக் இல்லாம வளர்ந்த குரல் அது.