பென்சீன் வளையமும் ஹொலோவே சிறையும்

1943 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனிலுள்ள ஹொலோவே பெண்கள் சிறைக்கு ஒரு கைதி கொண்டுவரப்பட்டார். நாற்பது வயதை ஒட்டியவர். மூன்று பிள்ளைகளின் தாய். போர்க்காலச் சிவில் பாதுகாப்புப் பணிக்குத் தன் பெயரைப் பதிய அவர் மறுத்திருந்தார். நீதிமன்றம் விதித்த இரண்டு பவுண் தண்டப்பணத்தையும் கட்டவில்லை. அதனால் ஒரு மாதச் சிறை. பிள்ளைகளைக் காரணம் காட்டியிருந்தால் விலக்குக் கிடைத்திருக்கக்கூடும். மனச்சாட்சியின்படி போரை மறுப்பவர்களுக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்பதால் அந்த வழியை அவர் நாடவில்லை.

அவர்தான் கத்லீன் லொன்ஸ்டேல். பென்சீன் மூலக்கூறின் உண்மையான வடிவத்தை உலகுக்குக் காட்டிய விஞ்ஞானி.

1903 இல் அயர்லாந்தின் நியூபிரிஜ் நகரில், பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். 1908 இல் குடும்பம் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தது. முதலாம் உலகப் போரில் குண்டு போட வந்த ஜேர்மன் வான்கப்பல்கள் தீப்பற்றி விழுந்ததை அவர் சிறுமியாகப் பார்த்தார். ஊர் மகிழ்ந்தபோது, அவற்றில் எரிந்தவர்களும் சிறு பையன்களே என்று தாய் அழுதார். அந்தக் கண்ணீரை மகள் மறக்கவில்லை.

பெண்கள் பாடசாலையில் பௌதிகவியலும் இரசாயனவியலும் இல்லாததால், ஆண்கள் பாடசாலைக்குப் போய்ப் படித்தார். 1922 இல் பட்டம் பெற்றதும், நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக் அவரைத் தன் ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

பென்சீனின் ஆறு காபன் அணுக்களும் ஒரு வளையமாக இருப்பதாக 1865 இல் கெக்குலே முன்மொழிந்திருந்தார். ஆனால் அந்த வளையம் தட்டையானதா, மேலும் கீழுமாக மடிந்ததா என்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை. திருமணமாகி லீட்ஸ் நகரில் வாழ்ந்த லொன்ஸ்டேல், ஆறு மெதையில் கூட்டங்கள் இணைந்த ஒரு பென்சீன் சேர்வையின் பளிங்கை எடுத்தார். அதனூடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறிய புள்ளிகளின் செறிவை அளந்தார். கணினி இல்லாத காலம். கணிப்புகள் எல்லாம் கையால். 1929 இல் விடை வெளியானது: வளையம் தட்டையானது, ஒழுங்கான அறுகோணம். அது பிராக்கின் எதிர்பார்ப்புக்கும் மாறானது. மருந்துகள், சாயங்கள் எனப் பென்சீன் வளையத்தைக் கொண்ட எண்ணற்ற சேர்வைகளைப் பற்றிய விளக்கத்துக்கு அது உறுதியான அடித்தளமானது.

1935 இல் கணவருடன் குவேக்கர் சபையில் இணைந்தார். போரை மறுப்பது அதன்பின் அவருடைய வாழ்க்கை நெறியானது. சிறையில் பகலில் தரை கூட்டித் துடைத்தார். ஓய்வு நேரத்தில் ஆய்வுத் தாள்களுடன் இருந்தார். அங்கு பெண்கள் படும் பாட்டை நேரில் கண்டதால், விடுதலையான பின் சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்தார்.

சிறை சென்ற இரண்டே ஆண்டுகளில், 1945 இல், றோயல் சங்கம் தன் 285 ஆண்டு வரலாற்றில் முதற்தடவையாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றது. இருவரில் ஒருவர் லொன்ஸ்டேல். 1949 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். அணுவாயுதத்துக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்த அவர், 1971 இல் காலமானார்.

அவர் நிறுவிய அறுகோணம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அதை வரையும் மாணவர்களில் எத்தனை பேருக்கு, அதைக் கண்டறிந்தவர் போருக்குப் பெயர் கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர் என்பது தெரியும்?