ஆட்சிப்பொறுப்பும் ஆசார்ய கைங்கர்யமும்: திருவாய்மொழிப்பிள்ளை வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகாசி விசாகத்தில் குந்தீநகரத்தில் அவதரித்த திருமலையாழ்வார், இளமையிலேயே பிள்ளைலோகாசார்யர் திருவடிகளில் ஆச்ரயித்தவர். தமிழ்ப்புலமையால் பாண்டிய அரசவையில் உயர்ந்தார். அரசன் மறைந்தபோது வாரிசுகள் சிறுவர்களாயிருந்தமையால் மதுரையின் ஆட்சிப்பொறுப்பு இவரையே சார்ந்தது.

பிள்ளைலோகாசார்யர் தம் அந்திமதசையில், இவரைத் திருத்தும்படி கூரகுலோத்தமதாஸருக்கு நியமித்தருளினார். பல்லக்கில் நகர்வலம் வந்த இவர் செவியில் விழும்படி தாஸர் திருவிருத்தத்தின் முதற்பாசுரத்தை அநுஸந்தித்தார். பொருள் கேட்ட இவர்மீது தாஸர் உமிழ்ந்தார். சினந்த காவலரை இவரே தடுத்தார். பின்பு வீட்டார் பூர்வஸம்பந்தத்தை நினைவூட்ட, தாஸரைத் தேடிச் சென்று தண்டனிட்டார்.

அதுமுதல், திருமண்காப்பு சாற்றிக்கொள்ளும் வேளையே இவருக்கு ரஹஸ்யார்த்தங்களைக் கேட்கும் வேளையாயிற்று. ஒருநாள் ராஜகாரியம் நீண்டு காலக்ஷேபம் தவறியது. தாஸர் திரும்பிச் சென்றார். மறுநாள் ஆளனுப்பியும் எழுந்தருளவில்லை. இவர் சில நாள் உபவாஸமிருந்து, தாமே சென்று திருவடிகளில் விழுந்து க்ஷமை வேண்டினார்.

அந்த ராஜகாரியம் பாபமன்று. பாலகர்களின் நாட்டைக் காப்பதும் தர்மமே. ஆயினும், ஆசார்யனிடமே மனம் சென்றபின் அரசிருக்கையில் அமர்ந்திருப்பது நாட்டுக்கும் நன்றன்று எனத் தெளிந்தார். எனினும் பணியை நடுவே விட்டு நீங்கவில்லை. இளவரசனிடம் பொறுப்பை ஒப்படைத்த பின்பே தாஸரை அடைந்து கைங்கர்யத்தில் ஊன்றினார்.

பிற்காலத்தில் நாலூராச்சான்பிள்ளையிடம் ஈடு முப்பத்தாறாயிரப்படியைக் கேட்டு, காடாய்க் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தினார். திருவாய்மொழியில் கொண்ட ஈடுபாட்டால் திருவாய்மொழிப்பிள்ளை எனத் திருநாமம் பெற்றார். 1370இல் அவதரித்த மணவாளமாமுனிகள் ஈட்டின் செல்வத்தை இவரிடமே பெற்றார். நாம் இன்று அநுபவிக்கும் வ்யாக்யானம் இவ்வழியே வந்ததாகும்.

திருவாய்மொழிப்பிள்ளை திருவடிகளே சரணம்.