செரிமான மாத்திரையில் 'ஃபங்கல் டயஸ்டேஸ்'... யார் இந்த ஜோகிச்சி தகாமினே?

வயிறு மந்தமா இருக்குன்னு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு செரிமான மாத்திரை தருவார்களே, அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'ஃபங்கல் டயஸ்டேஸ் 1:1200' என்று பொடி எழுத்தில் இருக்கும். பூஞ்சையிலிருந்து எடுத்த, மாவுச்சத்தை உடைக்கும் நொதி அது. ஒரு கிராம் நொதி 1,200 கிராம் மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு.

இதை மருந்தாக்கிக் காட்டியவர் ஜோகிச்சி தகாமினே. 1854-ல் ஜப்பானின் தகாவோகாவில் பிறந்து, கனசாவாவில் வளர்ந்தவர். அப்பா மருத்துவர். அம்மா வீட்டில் 'சாகே' எனும் அரிசி மது காய்ச்சுவது குடும்பத் தொழில். டோக்கியோவில் படித்து, கிளாஸ்கோவில் மேல்படிப்பு முடித்து, அரசு வேலைக்கு வந்தார். 1884-ல் நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சிக்குப் போன இடத்தில் கரோலின் ஹிட்ச் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்து, 1887-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

விஸ்கியில் தொடங்கிய வம்பு

மது காய்ச்ச வேண்டுமென்றால் தானியத்தின் மாவுச்சத்து முதலில் சர்க்கரையாக வேண்டும். மேற்கு நாடுகளில் இதற்கு முளைகட்டிய பார்லியான மால்ட்டைப் பயன்படுத்தினார்கள். ஜப்பானில் வேகவைத்த அரிசியில் 'கோஜி' பூஞ்சையை வளர்ப்பார்கள். அம்மா வீட்டுத் தொழில் இங்கேதான் கைகொடுத்தது. அரிசிக்குப் பதில் மலிவான கோதுமைத் தவிட்டில் கோஜியை வளர்த்து, மால்ட்டே இல்லாமல் விஸ்கி காய்ச்சலாம் என்றார் தகாமினே.

1890-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். இல்லினாய் மாநிலம் பியோரியாவில் பெரிய மதுபானக் கூட்டமைப்பு ஒன்று அவருக்கு வாய்ப்பு கொடுத்தது. மால்ட் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது. 1891-ல் அவருடைய ஆலை தீயில் எரிந்தது. யாரோ வைத்த தீ என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. அதோடு கல்லீரல் நோய் வேறு. பிழைப்பாரா என்பதே கேள்விக்குறியானது. பிழைத்தார், ஆனால் விஸ்கித் திட்டம் தேறவில்லை.

தோல்வியிலிருந்து ஒரு பொடி

மதுவை விட்டுவிட்டு நொதியை மட்டும் தனியே பிரித்தார். பூஞ்சை வளர்ந்த தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, சாறை வடிகட்டி, அதில் ஆல்கஹால் சேர்த்தால் நொதி பொடியாகப் படியும். கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாகும். அதில் நொதியைப் போட்டதும் அந்த நீலம் எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்பதை வைத்து அதன் வீரியம் தெரிந்துவிடும்.

1894-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பார்க்-டேவிஸ் நிறுவனம் 'தகா-டயஸ்டேஸ்' என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்றது. அஜீரணத்தால் அவதிப்பட்ட அமெரிக்கர்கள் வாங்கித் தள்ளினார்கள். எரிந்த ஆலையில் போன பணத்தைவிட அதிகமாகவே வந்தது.

1900-ல் நியூயார்க் ஆய்வகத்தில், உதவியாளர் கெய்சோ உயெனகாவுடன் சேர்ந்து அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தார். தூய நிலையில் பிரிக்கப்பட்ட முதல் ஹார்மோன் அது. ஆய்வகத்தில் கையை ஓட்டியவர் பெரும்பாலும் உயெனகாதான். காப்புரிமையில் அவர் பெயர் இல்லை என்பது தகாமினே கதையில் ஒரு நெருடல். 1912-ல் வாஷிங்டனுக்குப் போன 3,020 செர்ரி மரங்களின் செலவையும் தகாமினேதான் ஏற்றார். 1922 ஜூலை 22 அன்று நியூயார்க்கில், 67 வயதில் இறந்தார்.

சோப்புத் தண்ணீரில் எடுபடாது

தகாமினேயின் நொதி லேசான புளிப்பில்தான் நன்றாக வேலை செய்யும். காரம் ஏற ஏற வேகம் குறைந்துவிடும். சலவைப் பொடி கலந்த தண்ணீரோ காரமானது. சட்டையில் காய்ந்த சோற்றுக் கறையை அங்கே கரைக்க வேறு நொதி தேவைப்பட்டது. அதைக் காரத்தை விரும்பும் பாக்டீரியாக்களில் தேடினார் இன்னொரு ஜப்பானியர், கோகி ஹொரிகோஷி. 1971-ல் அவர் அறிவித்த பேசில்லஸ் பாக்டீரியாவின் நொதி, பிஎச் 10-ஐத் தாண்டியும் மாவுச்சத்தை உடைத்தது.